வேனின் பொடி

எங்கள் கடற்கரைப் பக்கம் யாராவது ஒரு வாகனம் எடுத்தால், பார்க்க வருகிறவர்கள் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்கள், கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்துவார்கள், பொனட்டைத் திறக்கச் சொல்லி ஒன்றும் விளங்காமலே தலையாட்டுவார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு இங்கே ஒரு கேள்வி வரும்.

"வாகனம் வடிவுதான். ஒரு ஆளைக் கிடத்த ஏலுமா?"

சண்டைக் காலத்தையும் கடல் வந்த காலத்தையும் பார்த்த ஊர்கள் இவை. அப்போது ஓடக்கூடிய எதுவும் ஆம்புலன்ஸ்தான், எதுவும் பிணம் ஏற்றுகிற மையத்து வண்டிதான். காலம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. மருமகனுக்குக் கார் கொடுத்த ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் மாமா பின்சீட்டை மடித்துப் பார்த்து, "கொஞ்சம் கட்டதான், காலை மடக்கினாச் சரி" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார், பாவம்.

நான் ஒரு தொலைக்காட்சியின் கல்முனைச் செய்தி அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. படம் பிடிக்கிறவர் ஒருவர், சாரதி ஒருவர், நான். எங்களோடு ஒரு நீண்ட ஜப்பான் வேன். பெரியநீலாவணையிலிருந்து அறுகம்பே வரைக்கும் எங்கள் செய்தியெல்லாம் அதில்தான் போய்வந்தது. யானை வயலுக்குள் இறங்கினாலும் அதுதான், அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டினாலும் அதுதான். இரண்டில் எது அதிக சேதம் என்று இந்த இடத்தில் சொல்லப்போவதில்லை.

சாரதி பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்த் தம்பி. முன்பு கட்டாரில் லொறி ஓட்டியவர். முதல் விடுமுறையில் வந்தபோது, பேசத் தொடங்கியிருந்த மகள் இவரை "மாமா" என்று கூப்பிட்டாளாம். அதோடு இனிப் போகமாட்டேன் என்று முடிவெடுத்து எங்களிடம் வந்தார். இந்த வேலை போனால் திரும்பவும் கட்டார்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது இளைய மகள் தவழ்கிறாள்.

அந்த வேனில் செய்தி மட்டும் போகவில்லை. ஒரு மாரி காலத்தில், வெள்ளத்தைப் படம் பிடித்துவிட்டு வயல்களுக்கு உள்ளே கிடக்கிற கிராமம் ஒன்றிலிருந்து திரும்பும்போது, பாம்பு கடித்த ஒரு விவசாயியைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடுவீதியில் நின்றார்கள். ஏற்றாமல் வர எங்களால் முடியவில்லை. அவர் பிழைத்துவிட்டார், செய்தியும் பரவிவிட்டது. நாங்கள் பரப்பிய எந்தச் செய்தியும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. அதற்குப் பிறகு, அந்தப் பக்கத்துச் சின்னக் குடியிருப்புகளில் வாகனம் கிடைக்காவிட்டால் எங்களைத்தான் தேடினார்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒருவர் மௌத்தாகி, ஆஸ்பத்திரியில் "பொடியை எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டால், எங்களவர்களுக்கு ஒரு பதற்றம் பிடித்துக்கொள்ளும். சுணங்காமல் அடக்க வேண்டும். பள்ளிவாசல் ஜனாஸா வண்டி வேறெங்காவது போயிருக்கும். என் தொலைபேசி அடிக்கும். முஸ்லிம் மையத்து என்றால் நான் பின்னால் இருந்து ஓதிக்கொண்டு வருவேன். இந்துப் பிரேதம் என்றால் தம்பி திருநீறு பூசிக்கொண்டு ஓட்டுவார். இருவருக்கும் இது பழகிப்போனது.

வேனின் பின்சீட்டை ஒவ்வொரு தடவையும் ஸ்பானர் போட்டுக் கழற்றுவது பெரும்பாடாக இருந்தது. மாவடிப்பள்ளியில் கராஜ் வைத்திருக்கிற ஒருவர் அதைத் தீர்த்து வைத்தார். பெரிய உருவம், பெரிய குரல், வாயில் எப்போதும் வெற்றிலை. எல்லோருக்கும் அவர் "பாஸ்". பழைய ஆணிகளை எடுத்துவிட்டு, கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய நான்கு போல்ட்டுகள் செய்து போட்டார். கூலி கேட்டபோது, "எனக்கும் ஒரு நாளைக்கு உதவும்" என்றார். பகிடி என்று சிரித்தோம்.

எங்கள் நிறுவனத்துச் சட்டம் இதற்கெல்லாம் நேரெதிர். வெளியாட்களை ஏற்றக் கூடாது என்று வேனுக்குள்ளேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பின்னால் படுத்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம் வாசித்திருப்பார்கள். வேறொரு மாவட்டத்தில் ஒரு சாரதி, வழியில் நின்ற உறவுக்காரரை ஏற்றியதற்காகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அப்படியென்றால் எங்கள் தம்பிக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. யோசிக்காமல் விடுவதுதான் அதற்கு நான் கண்ட மருந்து.

பிறகு கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. எல்லா மாவட்டங்களிலும் பழைய வேன்களை எடுத்துவிட்டுச் சின்னக் கார்கள் கொடுக்கப்போகிறார்களாம். நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. வேன் வந்த காலத்தில் எங்களுக்குப் பெரிய கமெரா, விளக்குகள், முக்காலி, சுருள் சுருளாக வயர் எல்லாம் இருந்தன. இப்போது தோளில் மாட்டுகிற ஒரு பைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வெறும் பையை ஏற்றிக்கொண்டு அவ்வளவு நீளமான வேன் ஓடுவதைப் பார்த்தால் எனக்கே வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அது வெறும் பை இல்லை என்பதை நான் யாரிடம் சொல்வது?

வாகனப் பிரிவுக்குப் பொறுப்பானவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்புத் தமிழ்ப் பிள்ளை, கூர்மையான பார்வை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத வாய். ஒரு காலையில், எங்களுக்கான சாம்பல் நிறச் சின்னக் காரிலேயே வந்து இறங்கினார். கூட ஒரு சிங்களச் சாரதி. அவர்தான் வேனைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறவர்.

"எப்படி நானா, கார் பிடிச்சிருக்கா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். எங்கள் பக்கம் அண்ணனைக் 'காக்கா' என்போம். கொழும்பில் முஸ்லிம்கள் நாங்கள் எல்லோரும் 'நானா'தான்.

நான் காரைச் சுற்றி வந்தேன். பின் கதவைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பயணப் பெட்டி வைக்கலாம். ஆட்டுக்குட்டி ஒன்றைக் கிடத்தலாம்.

"மிஸ், இது சரிவராது. மாரி வந்தா எங்கட ரோட்டெல்லாம் ஆறுதான். இந்தக் கார்ல போனா மீன்தான் புடிக்கலாம்."

"வெள்ளத்துக்கு வேன்லயா போனீங்க? போன வருஷம் நீங்க உழவு மெஷின் பெட்டியில நின்னுக்கிட்டுத்தானே செய்தி சொன்னீங்க. நான் பாத்தேன்."

தொலைக்காட்சியில் வேலை செய்கிறவன் பொய் சொல்வதில் இந்த ஒரு கஷ்டம் இருக்கிறது. பொத்துவில் பக்கம் மணல் பாதை என்றேன். சின்னக் காருக்குப் பாரம் குறைவு, மணலில் புதையாது என்றார். யானை வரும் என்றேன். யானை வந்தால் கெதியாகப் பின்னால் எடுக்க எது நல்லது, நீண்ட வேனா சின்னக் காரா என்று கேட்டார். தம்பி ஒரு பக்கமாக நின்று, கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொழும்புக்குப் புறப்பட முன்னர் வேனை ஒரு கராஜில் காட்ட வேண்டும், விற்றால் என்ன நிலையில் விற்கலாம் என்று தெரிய வேண்டும் என்றார் அந்தப் பெண். வழியில் இருப்பது பாஸின் கராஜ். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு நல்ல மெக்கானிக் வாயால், வேன் இன்னும் பல வருடம் ஓடும் என்று வந்தால், இந்தப் பெண்ணின் மனம் மாறக்கூடும். மெதுவாக வெளியே போய்ப் பாஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பாஸ், கொழும்பு மிஸ் வேனோட வாறா. வேனைப் பத்தி எவ்வளவு நல்லாச் சொல்ல ஏலுமோ அவ்வளவு நல்லாச் சொல்லுங்க."

"அத என்னட்ட விடு தம்பி. நான் பாத்துக்குறன்" என்றார்.

கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பியது அப்படித்தான்.

மாவடிப்பள்ளிக்கு இரண்டு வாகனமாகப் போனோம். பாஸ் புதுச் சாரம் உடுத்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாசலிலேயே நின்றார். "வாங்க மகள்" என்று கதிரை போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என்ஜினைப் பற்றிக் கேட்டார், பாஸ் புகழ்ந்தார். கியரைப் பற்றிக் கேட்டார், அதையும் புகழ்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் வேனின் பக்கத்துத் தகரத்தில் கையை வைத்துக் கேட்டார்.

"இதுட பொடி எப்படி பாஸ்?"

எங்கள் நாட்டில் கராஜுக்குள் பொடி என்றால் வாகனத்தின் தகரக் கூடு. துரு இருக்கிறதா, அடிபட்டதா, அதுதான் கேள்வி. ஆஸ்பத்திரி வாசலில் பொடி என்றால் மையத்து. வாழ்க்கை முழுக்கக் கராஜில் இருந்த மனிதர் அதைத் தகரம் என்றுதான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் வேனைப் பற்றி ஆகக் கூடிய நல்ல விஷயத்தைச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாள் பிள்ளை என்று அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பொடியா மகள்? அதுல ஒரு குறையும் சொல்ல ஏலா. எத்தனையோ பொடி ஏத்தியிருக்கு. ஒரு ஆட்டம் அசைவு இல்லாமக் கொண்டு போய்ச் சேர்க்கும். தமிழ் ஆள், முஸ்லிம் ஆள் எண்டு பாக்கிறல்ல. உசிரோட போன ஆக்களும் இருக்காங்க. இங்க பாருங்க, சீட்டக் கையாலயே கழட்டலாம், நான்தான் செஞ்சு குடுத்த."

அந்தப் பெண்ணின் பின்னால் நின்று பாஸுக்குக் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கக் கதவை இழுத்துத் திறந்து, போல்ட்டுகளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். ஒரு போல்ட்டை இரண்டு விரலால் திருகினார். இலகுவாகச் சுழன்றது. நிமிர்ந்தார்.

"நான் கேட்டது தகரத்த" என்றார்.

பாஸின் வாய் திறந்தபடியே நின்றது. தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை எங்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போடவில்லை. நேரே தம்பியிடம் போனார்.

"நீங்க ஓட்டினதா?"

"ஓம் மிஸ்."

"யார் சொல்லி?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "ஒருத்தரும் சொல்லல்ல மிஸ். நான்தான்" என்றார்.

அந்தப் பொய்யைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மீது என்று எனக்கே தெரியவில்லை. "நான் சொல்லித்தான் ஓட்டினவர். கேக்கிறதெண்டா என்னட்டக் கேளுங்க" என்று கத்தினேன். "உங்கட கொழும்புல பட்டனை அமத்தினா எல்லாம் வரும். இங்க மையத்தைத் தோள்ல போட்டுக்கொண்டு நடக்கச் சொல்றீங்களா?"

"நானா, மையத்த விடுங்க" என்றார், குரல் உயராமலே. "உசிரோட ஏத்தின ஒரு ஆள் வழியில செத்திருந்தா? இல்லாட்டி வேன் புரண்டு செத்திருந்தா? இன்சூரன்ஸ் தரமாட்டான். கம்பனி கைய விரிச்சிரும். பொலிஸ் யாரப் பிடிக்கும்? உங்களையா? ஸ்டீயரிங்ல இருந்தவரத்தான். இவருக்குப் பிள்ளைகள் இருக்கா?"

தம்பி மெல்லத் தலையாட்டினார். நான் யோசிக்காமல் விட்ட இடத்தைத்தான் அந்தப் பெண் யோசித்துச் சொன்னார். சரியான ஆளிடம் ஏச்சு வாங்கும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதைப் போல ஒன்று வேறில்லை.

"சாவியத் தாங்க. இனி இந்த வேனத் தொடாதீங்க" என்று தம்பியிடம் கையை நீட்டினார். தம்பி கொடுத்தார். சாவி சிங்களச் சாரதியின் கைக்குப் போனது. வேன் சம்மாந்துறைப் பக்கம் திரும்பிப் புறப்பட்டது. தம்பி அதைப் பார்க்காமல், கராஜ் வாசலில் கிடந்த பழைய டயர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் புறப்படும்போது ஏதோ சொல்ல வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சின்னக் காரில் கல்முனைக்குத் திரும்பினோம். தம்பி ஓட்டினார், அந்தப் பெண் முன்னால், நான் பின்னால் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு. அறிக்கை எழுதாமல் விட முடியாது என்று மட்டும் அவர் சொன்னார். "எனக்கும் மேல ஆள் இருக்கு" என்றார். தம்பி "சரி மிஸ்" என்றார். கட்டாரில் இப்போது என்ன சூடாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தாம்போதியில் ஏறினோம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிப் பாயும்படி பதித்துக் கட்டிய அந்த நீண்ட வீதியின் இரண்டு பக்கமும் அன்றைக்குத் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அங்கேதான் என் தொலைபேசி அடித்தது. பாஸின் இலக்கம். எடுக்க மனமில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறார், கேட்கட்டும் பிறகு என்று விட்டேன். திரும்பவும் அடித்தது. எடுத்தேன். அவருடைய மனைவியின் குரல்.

"மனே, இவருக்கு நெஞ்சு அடைக்குதாம். கீழ விழுந்துட்டாரு. கெதியா வாங்க மனே!"

தம்பி எதிரே வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து அப்படியே வெட்டித் திருப்பினார். அந்தச் சின்னக் கார் ஒரே திருப்பில் திரும்பிவிட்டது. அதிலிருக்கிற நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ் கராஜின் எண்ணெய் படிந்த தரையில் கிடந்தார். முகம் சாம்பலாகி, புதுச் சாரமெல்லாம் வியர்வை. அவரைச் சுற்றி வாகனங்கள். ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றின் என்ஜின் கீழே இறங்கியிருக்கிறது, ஒன்றுக்குக் கதவே இல்லை. ஊருக்கெல்லாம் வாகனம் ஓட வைக்கிற மனிதருக்கு ஓடக்கூடியது ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு எடுத்திருந்தார்கள். வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, இறக்கிவிட்டு வருகிறோம் என்றார்களாம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாஸின் மூச்சு காத்திருக்கிற மூச்சாகத் தெரியவில்லை.

கராஜ் ஆட்களும் நாங்களுமாகத் தூக்கினோம். காரின் பின்கதவால் அவருடைய தோள் போகவில்லை. பக்கமாகத் திருப்பி நுழைத்தோம். உட்கார வைத்தால் தலை முன்னால் விழுந்தது, கண் மேலே சொருகியது. சாய்த்தால் கால் வெளியே. கதவு சாத்தவில்லை. முன்சீட்டைத் தள்ளினோம், அது தள்ளும் மட்டும் தள்ளியாகிவிட்டது. அவருடைய மனைவி காரின் கூரையில் அடித்து அழுதார். திரும்ப வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினோம். கல்யாண வீட்டில் காலை மடக்கினால் சரி என்று சொன்ன அந்த மாமாவின் நினைவு வந்தது. மடக்க முடியாத கால்களும் இருக்கின்றன.

அந்தப் பெண் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். சிங்களத்தில் பேசியது இரண்டு மூன்று சொல்தான். உடனே திரும்பு, இப்போதே. வேன் சம்மாந்துறையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தது. சிங்களச் சாரதி அப்போதுதான் பிளேன்ரீக்குச் சொல்லியிருந்தாராம். அந்தத் தேநீர்க் கடையை இன்றைக்கும் நான் ஒரு துஆவோடுதான் கடந்து போகிறேன்.

காத்திருந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பாஸின் தலைமாட்டில் குந்தியிருந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறதா, ஏறுகிறது. இன்னும் ஒன்று. சற்று முன் இந்த மனிதரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சிங்களச் சாரதி குதித்து இறங்கினார். எல்லோரும் பாஸைத் தூக்கக் குனிந்தோம். தம்பி மட்டும் அசையவில்லை. வேனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். தொடாதே என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. நான் வாயைத் திறக்க முன்னர் அந்தப் பெண்ணே கத்தினார். அன்று காலையிலிருந்து அவர் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கழட்டுங்க!"

தம்பி பாய்ந்தார். நான்கு போல்ட்டும் அவருடைய கைக்குத் தாமாக வந்ததுபோலக் கழன்றன. சீட்டை ஒரே தூக்கில் வெளியே வைத்தார். எத்தனை தடவை செய்திருந்தால் அந்தக் கை அப்படிப் பழகியிருக்கும் என்று பார்க்கிற எவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். போல்ட்டுகளை எங்கே வைப்பது என்று தம்பி தடுமாற, அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பாஸை நீட்டிக் கிடத்தினோம். தலையும் காலும் சரியாகப் பொருந்தின. அவருடைய மனைவி முன்னால் ஏறினார், சிங்களச் சாரதி காரை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். நானும் அந்தப் பெண்ணும் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். வளைவுகளில் பாஸின் தலை உருளப் பார்த்தது. அந்நிய ஆண், என்ன நினைப்பார்களோ என்று ஒரு கணம் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியை நோக்கித் தம்பி ஓட்டினார். வேகமாகத்தான் ஓட்டினார், ஆனால் உடம்பு ஒரு தடவைகூடத் தூக்கிப் போடவில்லை. ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல் என்று பாஸ் சொன்னது வெறும் பேச்சு இல்லை.

நான் மெதுவாக, மையத்தோடு வரும்போது ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கினேன். பழக்க தோஷம். அந்த வேனின் பின்னால் உட்கார்ந்தால் என் வாய்க்கு வேறொன்றும் வருவதில்லை. சில வசனங்கள் போயிருக்கும். பாஸின் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"தம்பி... யாசீன் ஓதாத. நான் இன்னும் மௌத்தாகல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்ததென்று விளங்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். "சுகமா இருக்காராம்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது. அதில் மாற்றும்போது பாஸ் கண்ணைத் திறந்து, தன் தலையைப் பிடித்திருந்தவரைத் தேடிப் பார்த்தார்.

"மகள், பொடி பழுதுதான்" என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "என்ஜினப் பாக்கச் சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் வெளியே நின்றோம். தம்பி கோயில் இருக்கிற திசையைக் கேட்டுத் திரும்பி நின்றார். நான் சுவரோரம் நின்று தெரிந்த துஆவெல்லாம் கேட்டேன், இந்தத் தடவை யாசீனைத் தவிர. பாஸின் மனைவி வாங்கில் உட்கார்ந்து சீலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் வந்தார். இளைஞர், களைத்த முகம். தப்பிவிட்டார் என்றார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் சுணங்கியிருந்தால் என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்.

வேன் நின்ற இடத்துக்கு வந்தோம். பக்கக் கதவு திறந்தபடியே கிடந்தது. உள்ளே சீட் இல்லாத தரையில் பாஸின் ஒற்றைச் செருப்பு. அப்போது அந்தப் பெண்ணின் தொலைபேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து நின்ற விதத்திலேயே, அது அந்த மேலே இருக்கிற ஆள் என்று எனக்கு விளங்கிவிட்டது. தம்பி துணியை எடுத்தார், துடைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஓம் சேர்... கல்முனையில முடியல்ல இன்னும்... இல்ல, வேன் இன்னும் வெளிக்கிடல்ல."

அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் வேனுக்குள் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். என் நெஞ்சு அடித்த அடிக்கு டொக்டர் இன்னும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

"கொஞ்சம் பொடி வேல இருக்கு சேர்" என்றார். "இப்ப அனுப்ப ஏலாது. கார நான் திருப்பிக் கொண்டு வாறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு, இன்னொரு கையைத் திறந்து பார்த்தார். நான்கு போல்ட்டும் அதிலேயே இருந்தன. இவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை சிவந்து, மரை பதிந்துபோயிருந்தது. தம்பி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"இத வழமையா எங்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்று தலையாட்டினேன்.

"டாஷ்போர்ட்டுக்குள்ள, மிஸ்."

அவர் முன்கதவைத் திறந்து, டாஷ்போர்ட்டை இழுத்து, நான்கையும் உள்ளே வைத்து மூடினார்.